மூணாவது கை

வகுப்புல எல்லாருக்கும் குடுத்த தாள் குருவி கைக்கும் வந்துச்சு. தலைப்பு இல்ல, எழுதினவங்க பேரும் இல்ல. ஆனா முதல் வரி அவளோடது. "மலை இறங்கி வரும்னு எங்களுக்கு யாரும் சொல்லித் தரல."

குருவிங்கறது அண்ணன் வச்ச பேரு. இருபத்திரண்டு வயசாகியும் பள்ளிக்கூடப் பொண்ணு மாதிரி ஒடிசலா இருப்பா. காத்தடிச்சா பறந்துடுவே, பாக்கெட்ல ரெண்டு கல்லைப் போட்டுக்கோன்னு கிண்டல் பண்ணுவான் அவன். ஊரை விட்டு இங்க வந்து ஒண்ணரை வருஷமாச்சு. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல வேலை. ஈரப் படுக்கை விரிப்பை ரெண்டு மூலையும் பிடிச்சு, சுருக்கம் இல்லாம சூடான உருளைக்குள்ள விடணும். எதிர்ப்பக்கம் நிக்கற ஆள் அதை இஸ்திரி போட்ட மாதிரி வாங்கி மடிப்பாங்க. நர்ஸ் உதவியாளர் படிப்புல சேர்ந்தா இந்த ஆவியிலிருந்து தப்பிக்கலாம். ஆனா அதுக்கு இந்த ஊர் பாஷையில எழுதத் தெரியணும். அதனால சனிக்கிழமை காலையில நூலகத்து மாடியில நடக்கற எழுத்து வகுப்புல சேர்ந்திருந்தா.

சேரும்போதே ஒரு கட்டுரை கேட்டாங்க. வாழ்க்கையில மறக்க முடியாத ஒண்ணைப் பத்தி எழுதணும். அவ மண்சரிவைப் பத்தி எழுதிக் குடுத்தா. குடுத்ததோட முடிஞ்சுதுன்னுதான் நினைச்சா.

டீச்சருக்கு அன்னைக்கு ஜலதோஷம். மூக்கைத் துடைச்சுக்கிட்டே சட்டத்தைச் சொன்னாங்க. "இதை எழுதினவங்க இந்த ரூம்லயே இருக்கலாம். இருந்தா வாயைத் திறக்கக் கூடாது. எல்லாரும் பேசி முடிக்கற வரைக்கும் எழுத்துதான் பதில் சொல்லணும். அப்புறம், 'நல்லா இருக்கு', 'மனசைத் தொட்டுச்சு', இந்த ரெண்டும் இங்க செல்லாது. எந்த வரின்னு விரல் வச்சுக் காட்டிட்டுத்தான் பேசணும்."

கட்டுரையை ரெண்டு தடவை சத்தமா படிச்சாங்க. மூணு நாள் விடாத மழை. மத்தியானம் சாப்பாட்டு நேரம். எழுதின பொண்ணு சமையலறையில இருக்கா, அண்ணன் முன்ரூம்ல இருக்கான். பின்னாடி சரிவு அப்படியே வந்து வீட்டு மேல உக்காருது. அவ மேசைக்கடியில மாட்டிக்கறா. இருட்டு. மண்ணு உள்ள போகாம இருக்க வாயையும் மூக்கையும் பொத்திக்கறா. வெளியில விசில் சத்தம் கேக்குது, எல்லாரும் அமைதியாகறாங்க, யாரோ கூப்பிடறாங்க, அவ பதில் சொல்றா. இடிபாட்டுக்கு நடுவுல இருந்த ஒரு குறுகின சந்து வழியா அவளை வெளியில இழுக்கறாங்க. பத்து நிமிஷத்துல ரெண்டாவது சரிவு. அண்ணனை ஆறு மணி நேரம் கழிச்சுத்தான் எடுக்கறாங்க. முழங்காலுக்குக் கீழ ஒரு கால் இல்ல. கடைசி வரி: "அந்த இருட்டுல நான் ஒருத்திதான் இருந்தேன்."

முதல்ல பேக்கரியில வேலை செய்யற அக்கா பேசினாங்க. "ரெண்டாவது பாராவுல, 'மழைச் சத்தம் நின்னப்பதான் பயம் வந்துச்சு'ன்னு இருக்கு. இது பொய்யா எழுத முடியாது. பட்டவங்களுக்குத்தான் வரும்."

குருவி குனிஞ்சு பென்சிலைச் சீவினா. சீவினதையே திரும்பச் சீவினா.

அப்புறம் பஸ் டிரைவர். அம்பது வயசு இருக்கும், யூனிஃபார்மோடதான் வகுப்புக்கு வருவாரு. பன்னிரண்டு மணிக்கு வண்டி எடுக்கணும். எதைப் பேசினாலும் ஒரு கண்ணு மணிக்கட்டுல இருக்கும்.

"இந்த விசில் அடிக்கற ஆளு," அவரு விரலைத் தாள்ல ஓட்டினாரு. "உதவி செய்ய வந்த எல்லாருக்கும் இந்தக் கட்டுரையில கை இருக்கு. ஒருத்தர் கை தோண்டுது, ஒருத்தர் கை தண்ணி குடுக்குது. இவனுக்கு மட்டும் வாய்தான் இருக்கு. 'அவசரமா கேட்டான்', 'ஒரே ஒரு தடவை கேட்டுட்டு நகந்துட்டான்', 'திரும்பிப் பார்க்கல'. மத்த எடத்துல எல்லாம் எழுத்து தன்பாட்டுக்கு நிதானமா போகுது. இவன் வந்ததும் படபடங்குது."

"கோவம் இருக்காதா?" பேக்கரி அக்கா கேட்டாங்க. "அவன் சரியா கேட்டிருந்தா அண்ணனுக்குக் கால் தப்பிச்சிருக்கும்ல?"

"கோவம்னா ஒரு தடவை திட்டிட்டு விட்டிருப்பாங்க. இது கோவமில்ல. எழுதினவங்க இவனைப் பார்த்துப் பயப்படறாங்க."

ரூம்ல யாரோ சிரிச்சாங்க. "வந்துட்டாரு துப்பறியற டிரைவர்."

"சிரிங்க, சிரிங்க. நாலாவது பாராவுக்கு வாங்க." அவருக்கு உற்சாகம் பிடிச்சுக்கிச்சு. "'கடிகாரத்து முள்ளு பச்சையா மினுங்குச்சு. முதல்ல பத்தே முக்கால்னு நினைச்சேன். தலைகீழா பார்க்கறேன், நாலேகால்னு அப்புறம்தான் உறைச்சுது.' இருபத்தாறு வருஷமா நானும் வாட்ச் பார்க்கறேன். என் கையில இருக்கறது எனக்குத் தலைகீழா தெரிஞ்சதே இல்ல."

"மேசைக்கடியில கை எப்படி மடங்கிக் கிடந்துச்சோ!"

"மடங்கிக் கிடக்கல. மேல ரெண்டே வரி தள்ளிப் பாருங்க. 'ரெண்டு கையாலயும் முகத்தைப் பொத்திக்கிட்டேன்.' ஆக ரெண்டு கையும் முகத்துல. அப்ப வாட்ச் கட்டின இந்த மூணாவது கை யாரோடது?"

பேக்கரி அக்கா அந்த ரெண்டு வரியையும் விரலால தேடினாங்க.

டீச்சர் தாளை ஒரு தடவை பார்த்தாங்க. அப்புறம் குருவியை நேரா பார்க்காம ஜன்னலைப் பார்த்தாங்க. பேரை அழிச்சவங்க அவங்கதானே. "இது போதும்," னு மெதுவா சொன்னாங்க. "பத்து நிமிஷம் இடைவேளை."

எதை மறைக்கணுமோ அதை எல்லாம் மறைச்சாச்சுன்னு நினைச்சுத்தான் எழுதியிருந்தா. அந்த வாட்ச்சை மட்டும் அவளால விட முடியல. அந்த இருட்டுல இருந்த ஒரே வெளிச்சம் அது. அதை விட்டா வேற எதுவுமே நிஜமா இருக்காதுன்னு தோணுச்சு. அந்த நிஜம்தான் இப்ப காட்டிக் குடுத்துடுச்சு.

நடந்தது இதுதான். முன்ரூம்ல இருந்த அண்ணன் சத்தம் கேட்டதும் சமையலறைக்கு ஓடி வந்தான். அவளை மேசைக்கடியில தள்ளி, அவனும் பின்னாடியே புகுந்து, கையை அவ தலை மேல போட்டான். அப்பதான் உத்தரம் விழுந்துச்சு. அதுக்கப்புறம் அவன் பேசல. "அண்ணா, அண்ணா"ன்னு கூப்பிட்டுப் பார்த்தா. பதில் இல்ல. ஆனா அவன் மூச்சு அவ பிடரியில சூடா பட்டுக்கிட்டே இருந்துச்சு. உயிரோடதான் இருந்தான். அது அவளுக்குத் தெரியும்.

வெளியில பேச்சு கேட்டுச்சு. "ஒரு ஆளுன்னா இந்தச் சந்து வழியா இழுத்துடலாம். ரெண்டு பேருன்னா முடியாது, மேல இருந்து தூக்கணும், மண்ணு அள்ளற மெஷின் வரணும். மெஷின் கீழ ரோட்டுல நிக்குது."

அப்புறம் விசில். அந்தத் தெருப் பள்ளிக்கூடத்து விளையாட்டு மாஸ்டரோட விசில். அன்னைக்கு அவர்தான் எல்லாரையும் ஒழுங்குபடுத்திக்கிட்டிருந்தாரு. விசில் அடிச்சா தோண்டறவங்க கடப்பாரையைக் கீழ வச்சுட்டு மூச்சைக் கூடப் பிடிச்சுக்கணும், உள்ள இருந்து சத்தம் வருதான்னு கேக்கறதுக்கு.

"உள்ள யாரு? எத்தனை பேரு?"

"ஒருத்தி," ன்னா அவ.

"நல்லா யோசிச்சு இன்னொரு தடவை சொல்லும்மா. எத்தனை பேரு?"

"நான் ஒருத்திதான். சீக்கிரம் இழுங்க."

ரெண்டு தடவை கேட்டாரு. கட்டுரையில ஒரு தடவைன்னு எழுதினா. ரெண்டு தடவை கேட்டவரு மேல பழி நிக்காதுல்ல, அதனால.

இருட்டுல பின்னாடி கிடந்தவனை இழுத்தவங்க யாரும் பார்க்கல. வெளியில வந்ததும் சொல்லிடலாம்னுதான் இருந்தா. சத்தியமா இருந்தா. ஆனா வெளிச்சத்தைப் பார்த்ததும் வாய் ஒட்டிக்கிச்சு. போர்வையைப் போத்தினாங்க, தண்ணி குடுத்தாங்க, "அண்ணன் எங்க?"ன்னு கேட்டாங்க. "முன்ரூம்ல"ன்னு சொன்னா. அவங்க முன்ரூம் பக்கம் ஓடினாங்க. அவ அடுத்த வார்த்தை சொல்றதுக்குள்ள ரெண்டாவது சரிவு வந்து ரெண்டு ரூமையும் ஒண்ணாக்கிடுச்சு. அப்புறம் எந்த மேசை எங்க இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியல. தலையில அடிபட்டதுல அண்ணனுக்கும் எதுவும் ஞாபகமில்ல.

மாஸ்டர் ஒரே ஒரு தடவை கேட்டுட்டு நகந்துட்டாரு, கூட யாரு இருக்காங்கன்னு சரியா கேக்கவே இல்லன்னு குருவி சொன்னதைத் தெரு நம்பிடுச்சு. அவரு எல்லார்கிட்டயும் சொல்லிப் பார்த்தாரு. "ஒத்தை ஆள்தான்னு அந்தப் பொண்ணுதான் சொல்லிச்சு, நான் ரெண்டு தடவை கேட்டேன்." யாரும் நம்பல. அண்ணன் அவருக்கு 'ஒத்தை மாஸ்டர்'னு பட்டம் கட்டினான். தெருவுல நண்டுசிண்டெல்லாம் அவரைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுச்சுங்க. அவரு பள்ளிக்கூடத்தையே விட்டு நின்னுட்டாரு. குருவி அதைப் பார்த்துக்கிட்டே ரெண்டரை வருஷம் அந்தத் தெருவுல நடந்தா. எதிர்ல அவரு வந்தா சந்துக்குள்ள திரும்பிடுவா.

மாடிப்படியில உக்காந்திருந்தப்ப டிரைவர் வந்து ரெண்டு படி தள்ளி உக்காந்தாரு.

"நீதானேம்மா?"

குருவி தாளை மடிச்சு மடியில வச்சுக்கிட்டா.

"நான் பேசப்பேச நீ ரெண்டு கையையும் தொடைக்கடியில வச்சுக்கிட்டே. அப்பதான் எனக்கு மண்டையில உறைச்சுது. அதுக்குள்ள வாய் முந்திடுச்சு." அவரு தொப்பியைக் கழட்டித் தடவினாரு. "ஏதோ புதிர்க்கணக்குப் போடற மாதிரி போட்டுட்டேன். உள்ள ஆள் இருக்கறதை யோசிக்கல. மன்னிச்சுக்கோ."

"நீங்க தப்பா ஒண்ணும் சொல்லலியே," ன்னா குருவி. "சரியாத்தான் கண்டுபிடிச்சீங்க."

"கண்டுபிடிச்சது சரி. அதை வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? நீதான் பண்ணணும்." வாட்ச்சைப் பார்த்தாரு. "வண்டிக்கு நேரமாச்சு. வரட்டா?"

மறுபடி வகுப்புக்குள்ள அவ போகல. வீட்டுக்கு நடந்தா. வீடுன்னா நாலு பொண்ணுங்க பகிர்ந்துக்கற ரெண்டு ரூம். மத்த மூணு பேரும் வேலைக்குப் போயிருந்தாங்க. கதவைத் திறக்கறதுக்கும் ஃபோன் அடிக்கறதுக்கும் சரியா இருந்துச்சு. அண்ணன்தான்.

"என்ன குருவி, கட்டுரை ரெடியா? நாளைக்குக் கூட்டம். நாலாம் வருஷ நினைவுக் கூட்டம்னு பேனரே கட்டியாச்சு. என் தங்கச்சி வெளிநாட்டுல எழுதினதுன்னு மைக்ல சொல்லப் போறேன், கெத்தா இருக்கும்ல? தமிழ்ல படி, நான் ரெக்கார்டு பண்ணிக்கறேன். அம்மா வேலைக்குப் போயிருக்காங்க, வீடு அமைதியா இருக்கு."

"அண்ணா, நாளைக்கு வேண்டாமே."

"ஏன், சம்பளம் குடுத்தாத்தான் படிப்பியா? அந்த ஒத்தை மாஸ்டரை நல்லா நறுக்குனு எழுதியிருக்கேன்னு நீதானே சொன்னே? அதைத்தான் தெருவே கேக்கணும். படி, படி."

குருவி தாளைப் பிரிச்சா. ஒவ்வொரு வரியா தமிழ்ல சொல்லிக்கிட்டு வந்தா. மழை, மேசை, இருட்டு. அண்ணன் நடுநடுவுல "ம்ம்," "ஆமா," ன்னுக்கிட்டிருந்தான். வாட்ச் வரி வந்துச்சு. அதைத் தாண்டிப் போயிடலாம். அவன்கிட்ட தாள் இல்ல, இந்தப் பாஷையும் தெரியாது. ஒரு வரி குறைஞ்சா யாருக்குத் தெரியப் போகுது?

"'கடிகாரத்து முள்ளு பச்சையா மினுங்குச்சு,'" ன்னு படிச்சா. "'தலைகீழா பார்க்கறேன், நாலேகால்னு அப்புறம்தான் உறைச்சுது.'"

"இரு, இரு. பச்சை முள்ளு என் வாட்ச்தானே? உன்கிட்ட ஏது வாட்ச்சு?"

"உன்னோடதுதான்."

"அது எப்படி சமையலறைக்கு வந்துச்சு?"

"உன் கையில இருந்துச்சு அண்ணா. கை என் தலை மேல இருந்துச்சு."

குருவி நிறுத்தல. நிறுத்தினா மறுபடி தொடங்க முடியாதுன்னு தெரிஞ்சு, ஒரே மூச்சுல கொட்டிட்டா. அவன் ஓடி வந்தது, சந்து, மெஷின், பிடரியில பட்ட மூச்சு, ரெண்டு தடவை கேட்டது, ரெண்டு தடவையும் அவ சொன்னது.

"நான் முன்ரூம்ல இருந்தேன்னு சொன்னியே," ன்னான் அண்ணன். குரல் அவனோடது மாதிரியே இல்ல. "நான் ஏன் உன்னைத் தேடி ஓடி வரலைன்னு நாலு வருஷமா நானே என்னைக் கேட்டுக்கிட்டிருக்கேன் தெரியுமா? தங்கச்சி உள்ள இருக்கா, இவன் பாட்டுக்கு முன்ரூம்ல உக்காந்திருந்திருக்கான்னு."

இது அவளுக்குத் தெரியாது. அவன் ஒரு நாள் கூட இதைச் சொன்னதில்ல.

"அண்ணா..."

"வை ஃபோனை."

அவன்தான் வச்சான்.

ரெண்டு மணிக்கு ஷிஃப்ட். போகாம இருக்க முடியாது. ஈர விரிப்பு வந்துக்கிட்டே இருந்துச்சு, அவ மூலையைப் பிடிச்சு உருளைக்குள்ள விட்டுக்கிட்டே இருந்தா. ரெண்டு தடவை கோணலா விட்டு, துணி சுருட்டிக்கிச்சு. எதிர்ப்பக்கம் நின்ன பெரியம்மா மெஷினை நிறுத்தி, "என்னடி, வீட்டு ஞாபகமா? கையை உள்ள விட்டுடாத, வெந்துடும்,"னு அதட்டினாங்க. ரெண்டாவது சரிவு பத்து நிமிஷத்துல வந்துடுச்சே, மண்ணு அள்ளற மெஷின் எப்படியும் அதுக்குள்ள மேல ஏறியிருக்காதே, ரெண்டு பேருன்னு சொல்லியிருந்தா ரெண்டு பேரும்தான் போயிருப்போமேன்னு மனசு வழக்கம்போல வக்கீல் மாதிரி வாதாட ஆரம்பிச்சுது. நாலு வருஷமா அதே வக்கீல், அதே வாதம். மாஸ்டர் பேரு வந்ததும் வக்கீல் வாயை மூடிக்கிச்சு. அவரு மேல பழி போட்டதுக்குச் சரிவும் காரணமில்ல, மெஷினும் காரணமில்ல.

டீ இடைவேளையில ஃபோன் நடுங்குச்சு. வீடியோ அழைப்பு. அழுக்குத் துணி மூட்டைக்குப் பின்னாடி போய் எடுத்தா.

அண்ணன் முகம் வேர்த்திருந்துச்சு. பின்னாடி ஊன்றுகோல் ஒரு கம்பிக் கேட்ல சாய்ஞ்சிருந்துச்சு. மாஸ்டர் வீடு இருக்கற மேட்டுத்தெரு. அவன் அந்த ஏத்தத்துல ஏறியே நாலு வருஷமாச்சு.

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன், நீ இப்ப அவங்ககிட்ட எதையும் உளறி வைக்காத," ன்னான். அவளைப் பார்க்காமலே பேசினான். "உன்கிட்ட எனக்குப் பேச நிறைய இருக்கு. இன்னைக்கு இல்ல. எப்பன்னும் தெரியல. உன் மூஞ்சியைப் பார்க்கவே எனக்கு இப்ப பிடிக்கல. ஆனா அந்தப் பட்டத்தைக் கட்டினவன் நான். அதனால இங்க வந்து நிக்கறேன். மிச்சத்தை நீ சொல்லு."

கேட்டைத் தட்டினான். ரெண்டு தட்டு, அப்புறம் ஒண்ணு.

மாஸ்டர் வந்தாரு. நாலு வருஷத்துல எப்படி இளைச்சுப் போயிட்டாரு! கேட்டைத் திறக்கல, உள்பக்கமாவே நின்னாரு. அண்ணனைப் பார்த்ததும் முகம் இறுகிடுச்சு.

"என்னப்பா? வீடு வரைக்கும் வந்து விரல் காட்டணுமா? தெருவுல காட்டறது போதலையா?"

"இல்ல மாஸ்டர். தங்கச்சி பேசணுமாம்."

அண்ணன் ஃபோனைக் கம்பி இடுக்குல நீட்டினான். குருவி மூட்டை மேல சாய்ஞ்சுக்கிட்டா. பின்னாடி உருளை ஓடற சத்தம்.

"மாஸ்டர், நான்தான்."

"தெரியுது."

"அன்னைக்கு நீங்க ரெண்டு தடவை கேட்டீங்க. ரெண்டு தடவையும் ஒருத்தின்னு நான்தான் சொன்னேன். அண்ணன் என் பக்கத்துலதான் இருந்தான். மூச்சு இருந்துச்சு. தெரிஞ்சேதான் சொன்னேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

திட்டுவாரு, வீட்டுக்குள்ள போயிடுவாரு, அழுவாருன்னு அவ மூணுக்கும் தயாரா இருந்தா. அவரு மூணும் பண்ணல. கம்பியை ஒரு கையால பிடிச்சுக்கிட்டே வீட்டுப் பக்கம் திரும்பி, பழைய மைதானக் குரல்ல கூப்பிட்டாரு.

"ஏய், அடுப்பை அணைச்சுட்டு இங்க வா. கொஞ்சம் வா!"

உள்ள இருந்து அவரு மனைவி ஈரக்கையைப் புடவையில துடைச்சுக்கிட்டு வந்தாங்க. அண்ணனைப் பார்த்தாங்க, ஃபோனைப் பார்த்தாங்க, ஒண்ணும் புரியல. அப்பதான் குருவிக்குப் புரிஞ்சுது. தெரு மட்டும் இல்ல. நாலு வருஷமா இந்த வீட்டுக்குள்ளயும் அவரை யாரும் நம்பல.

மாஸ்டர் ஃபோன் பக்கம் குனிஞ்சாரு.

"நல்லா சத்தமா, இன்னொரு தடவை சொல்லும்மா," ன்னாரு. "எத்தனை பேரு இருந்தீங்க?"

"ரெண்டு பேரு மாஸ்டர்," ன்னா குருவி.